சங்கு (பாலாடை)

சங்கு என்பது கைக்குழந்தைக்குப் பாலும் மருந்தும் புகட்டப் பயன்படும், மூக்கு நீண்ட சிறு கிண்ணம். பாலாடை என்றும் பெயர். முதலில் உண்மையான கடற்சங்கே பயன்பட்டது. பிறகு வெண்கலம், வெள்ளி, எவர்சில்வர், இன்று பிளாஸ்டிக் எனப் பொருள் மாறினாலும் வடிவம் மாறவில்லை.

பழக்கமில்லாதவர் இதை அகல்விளக்கு என்று எண்ணிவிடுவதுண்டு. விளக்கின் மூக்கு திரி வைப்பதற்கானது. குட்டையாக இருக்கும், பழையதானால் கரியும் ஏறியிருக்கும். சங்கின் மூக்கோ மேற்புறம் திறந்த வாய்க்கால்போல நீண்டு நுனியில் குறுகும். குழந்தையின் உதட்டில் படுவதால் விளிம்பு மழுங்கலாக இருக்கும். கைப்பிடி இல்லை.

இங்கிலாந்தில் 1827இல் சார்லஸ் கிப்சன் செய்த மருந்துக் கரண்டியை இதனோடு ஒப்பிடலாம். அதற்கு மூடி உண்டு. காம்பு உள்ளீடற்ற குழாய். காம்பின் துளையை விரலால் அடைத்தால் மருந்து உள்ளேயே நிற்கும், விரலை எடுத்தால் வழியும். குடிக்க மறுக்கும் வாய்க்கு ஏற்ற கருவி அது. சங்கில் அப்படி ஒரு விசையும் இல்லை. மூக்கைக் கீழுதட்டில் வைத்து, பால் உதட்டைத் தொடும் அளவுக்கு மட்டும் சாய்த்தால், குழந்தையே நக்கியும் உறிஞ்சியும் எடுத்துக்கொள்ளும். வேகம் குழந்தையின் கையில் இருப்பதுதான் இதன் சிறப்பு.

சுமார் 32 முதல் 34 வாரத்தில் பிறந்து, மார்பில் சப்பிக் குடிக்கத் திராணியற்ற குழந்தைகளுக்கு மருத்துவமனைகளிலும் தாய்ப்பாலைச் சங்கில் கொடுக்கிறார்கள். எடை குறைந்த குழந்தைகளுக்கான 2011ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் உலக சுகாதார நிறுவனம் கிண்ணம், கரண்டியோடு பாலாடையையும் சேர்த்தது. ஆனால் கொடுப்பவரின் பழக்கம் முக்கியம். 1999இல் வெளியான இந்திய ஆய்வொன்று சங்கில் பால் குறைவாகச் சிந்தியதாகக் கண்டது. 2007இல் லண்டனிலிருந்து வந்த ஆய்வு அதிகம் சிந்தியதாகச் சொன்னது.

வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய் உரைத்த உரை மருந்தையும் விளக்கெண்ணெயையும் வீடுகளில் இதே சங்கால்தான் புகட்டினார்கள். அழும் குழந்தையை மல்லாத்தி, மூக்கைப் பிடித்து ஊற்றும் வழக்கம் மிக ஆபத்தானது. மூச்சோடு மருந்து நுரையீரலுக்குள் போய்விடும். எண்ணெய் போனால் எளிதில் ஆறாத நிமோனியா வரும். எந்த மருந்தானாலும் தலையைச் சற்று நிமிர்த்தி, குழந்தை விழித்திருக்கும்போது, ஒரு வாய் விழுங்கியபின் அடுத்த வாய் கொடுக்க வேண்டும்.