வார்ஹாமர் 40,000: விளையாட்டு விட்டு விளையாட்டு சென்ற படைகள்

ஒரே கற்பனை உலகில் நிகழும் மேசைப் போர் விளையாட்டுகளில், ஒன்றில் தோன்றிய படை மற்றொன்றில் இடம்பெறுவது வழக்கம். பிரிட்டனின் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனம் வெளியிட்ட வார்ஹாமர் 40,000 வரிசை இதற்கு நன்கு பதிவான சான்று. இங்கே மூல விளையாட்டின் படைகள் கிளை விளையாட்டுகளுக்குச் சென்றன. கிளைகளில் வளர்ந்தவை மூலத்துக்கும் வந்தன.

தொடக்கம்: ரிக் பிரீஸ்ட்லி எழுதிய முதல் நூல் 1987இல் வெளிவந்தது. ஸ்பேஸ் மரீன், ஓர்க், எல்டார், ஸ்குவாட் முதலியோர் அதிலேயே உள்ளனர்.

1988–1994: ஜெர்விஸ் ஜான்சன் வடிவமைத்த அடெப்டஸ் டைட்டானிகஸ் என்ற கிளை விளையாட்டு 1988இல் வந்தது. கட்டடங்களை விட உயர்ந்த டைட்டான் எந்திரங்கள் மோதும் போர் என்பதால், மனித உருவம் ஏறத்தாழ 6 மி.மீ. உயரமே இருக்கும் சிற்றளவு தேவைப்பட்டது. பெட்டியில் இருந்த ஆறு வார்லார்ட் டைட்டான்களும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. இரு தரப்புக்கும் ஒரே எந்திரம் என்றால், அவர்கள் ஒரே பேரரசைச் சேர்ந்தவர்களாகவே இருக்க வேண்டும். பேரரசரின் அன்புக்குரிய மகன் ஹோரஸ் நடத்திய கிளர்ச்சி இந்த விளையாட்டின் கதைக்களமானது. புது அச்சுகளுக்கு ஆகும் செலவைத் தவிர்க்கவே இக்கதை பிறந்தது என்பது பரவலான விளக்கம். முழுக் காரணமும் அதுவே என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை. 1989இல் வந்த ஸ்பேஸ் மரீன் விளையாட்டும் அதே உள்நாட்டுப் போரையே தொடர்ந்தது. அதன் 1991ஆம் ஆண்டுப் பதிப்பில் ஓர்க், எல்டார் படைகள் பெட்டிக்குள்ளேயே இடம்பெற்றன.

குள்ள உருவினரான ஸ்குவாட்கள் முழு வடிவம் பெற்றது இச்சிற்றளவில்தான். கவச வான்கப்பல்களும், பீரங்கிப் பெட்டிகளைக் கோத்திழுக்கும் தரைத் தொடர்வண்டியும் அவர்களுக்கு வாய்த்தன. மூல விளையாட்டின் மேசையில் அத்தொடர்வண்டி ஒன்றே பெரும் இடத்தை அடைத்திருக்கும். பிரபுக் குடும்பத்து வீரர் ஒருவரே இயக்கும் நைட் எந்திரங்களும் இக்காலத்தவையே.

1989இல் வந்த ஸ்பேஸ் ஹல்க் விளையாட்டு, ஜீன்ஸ்டீலர்களுக்குப் புகழ் தந்தது. முதல் நூலில் தனி உயிரினமாக இருந்த அவை, பின்னர் டைரனிட் என்னும் வேற்றுலக உயிரினப் படையோடு இணைக்கப்பட்டன.

பிற்காலம்: 1993ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பில் ஸ்குவாட்களுக்குத் தனிப் படைநூல் வரவில்லை, பின்னர் அவர்கள் வரிசையிலிருந்தே நீங்கினர். விற்பனைக் குறைவே காரணம் என்போர் உண்டு. அவர்களைச் சித்திரித்த விதம் வடிவமைப்பாளர்களுக்கே நிறைவளிக்கவில்லை என்ற விளக்கமும் உண்டு. டைரனிட்கள் ஸ்குவாட்களை விழுங்கியதாகக் கதையில் சொல்லப்பட்டது. 1999இல் வந்த பேட்டில்ஃப்ளீட் காதிக் என்ற கிளை விளையாட்டு, பழகிய படைகளை விண்கப்பல்களாக்கியது.

மீள்வரவு: நைட்கள் 2014இல் மூல விளையாட்டில் தனிப் படையாயின. ஜீன்ஸ்டீலர் வழிபாட்டினர் 2016இல் தனிப் படைநூல் பெற்றனர். அடெப்டஸ் டைட்டானிகஸ் 2018இல் புதுவடிவில் வந்தது. ஸ்குவாட்களின் வழிவந்த லீக்ஸ் ஆஃப் வோட்டான் 2022இலும், சிற்றளவுப் போரை மீட்ட லீஜியன்ஸ் இம்பீரியலிஸ் 2023இலும் வெளிவந்தன.