காட்டுப்பூவரசு சொல்லும் சரித்திரம்

ஊட்டிக்குப் போறவங்க படகு விடுவாங்க, வர்க்கி வாங்குவாங்க, இறங்கிடுவாங்க. தொட்டபெட்டா பக்கம் ரத்தச் சிவப்புல கொத்துக் கொத்தா பூத்து நிக்கிற காட்டுப்பூவரசை எத்தனை பேர் கவனிச்சிருப்பாங்க? தாவரவியல்காரங்க பாஷையில ரோடோடெண்ட்ரான். வருஷம் முழுக்க பச்சை இலை. மலைக்காத்து அடிச்சு அடிச்சு பல இடத்துல முறுக்கின புதர் மாதிரிதான் நிக்கும்.

இதோட சொந்தக்காரங்க இருக்கிறது இமயமலையில! நேபாளத்தோட தேசிய மலர் இதே இனம்தான். 1796ல் கார்வால் போன கேப்டன் ஹார்ட்விக் அங்கே பார்த்துப் பதிவு செஞ்சார். நீலகிரிச் செடியை மிஷனரி பெர்ன்ஹார்ட் ஷ்மிட் சேகரிச்சு அனுப்ப, ஜெர்மனியில யேனா பேராசிரியர் ஸென்கர் 1830களில் தனி இனம்னு பேர் வச்சார். இன்னிக்கு பல நிபுணர்கள் கிளையினமாத்தான் சேர்க்கறாங்க.

நடுவுல கிட்டத்தட்ட 2,000 கிலோமீட்டர் வெயில் பூமி. எப்படி வந்துச்சு? பனியுகத்துல சமவெளியும் குளிர்ந்தப்போ குளிர்ப்பிரதேசச் செடிகள் தெற்கே பரவி, சூடு திரும்பினதும் மலையுச்சிகள்ல மாட்டிக்கிச்சுங்கறது பரவலான விளக்கம்.

இங்கதான் சமாச்சாரமே இருக்கு. சோலைக்காட்டு ஓரத்துலயும் திறந்த புல்வெளியிலயும் வளர்ற செடி இது. தடிச்ச பட்டை இருக்கறதால உறைபனி, காட்டுத்தீ ரெண்டையும் தாங்கும். ஆனா வெள்ளைக்காரங்களுக்கு அந்தப் புல்வெளி வெறும் தரிசு! விறகுக்காக 1840களில் ஆஸ்திரேலியாவுலேர்ந்து சீகை மரமும் கற்பூர மரமும் கொண்டு வந்தாங்க. சுதந்திரத்துக்கு அப்புறமும் தோல் பதனிட, கூழுக்குன்னு நட்டுக்கிட்டே போனோம். அவங்களை மட்டும் திட்டிப் பிரயோசனமில்லை :(

1993ல் ஆர். சுகுமார் குழுவினர் நீலகிரிச் சதுப்புமண்ணை ஆராய்ஞ்சு 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. சுமார் 20,000 வருஷம் முன்னாடியே அங்கே புல்வெளி இருந்திருக்கு. அதாவது, யாரோ காட்டை அழிச்சதால வந்த பொட்டல் இல்ல அது. அதுவே ஒரு ஆதி உலகம்.

சீகை அடர்ந்து மூடினா புல் போயிடும். வெளிச்சம் தேடுற காட்டுப்பூவரசு நாற்றுக்கும் இடம் கிடையாது. பனியுகத்தைத் தாண்டி வந்த செடிக்கு, இருநூறு வருஷம்கூட ஆகாத ஒரு தோட்டம் எமனா நிக்குது.

மரம் நட்டாலே புண்ணியம்னு நாம நம்பறோம். எந்த மண்ணுல எந்த மரம்னு கேட்காம நட்டா, அது இன்னொரு விதமான காடழிப்புதான். நீங்க என்ன நினைக்கிறீங்க மக்களே?