சக அறிஞர் மதிப்பாய்வு

ஆய்விதழுக்கு வரும் கட்டுரையை அச்சேற்றும் முன், அதே துறையில் தேர்ந்தவர்கள் படித்துக் குறைநிறைகளை எழுதித் தரும் முறை சக அறிஞர் மதிப்பாய்வு எனப்படும். ஏற்பதா, திருத்தி வாங்குவதா, மறுப்பதா என முடிவெடுப்பவர் பதிப்பாசிரியர். மதிப்பாய்வாளர் தருவது பரிந்துரையே. இப்பணிக்குப் பொதுவாக ஊதியம் கிடையாது.

தோற்றம்

லண்டன் ராயல் கழகத்தின் செயலாளர் ஹென்றி ஓல்டன்பர்க் 1665 மார்ச்சில் ‘பிலசாபிக்கல் டிரான்சாக்சன்ஸ்’ இதழைத் தொடங்கினார். எதை வெளியிடுவது என்பதை அவரே தீர்மானித்தார். 1752இல் இதழைக் கழகமே ஏற்று நடத்தத் தொடங்கியதும், கட்டுரைத் தேர்வு ஒரு குழுவின் வாக்கெடுப்புக்கு வந்தது.

இன்றைய முறைக்கு வித்திட்டவர் வில்லியம் ஹியூவெல். ராயல் கழகத்துக்கு வரும் கட்டுரைகள் குறித்து எழுத்து மூலம் அறிக்கை பெற வேண்டும் என 1831இல் அவர் முன்மொழிந்தார். பூமி, வெள்ளி ஆகிய கோள்களின் இயக்கத்தில் காணப்படும் நீண்டகாலச் சீரின்மை பற்றி ஜார்ஜ் ஏரி எழுதிய கட்டுரை முதலில் எடுத்துக்கொள்ளப்பட்டது. அதை ஹியூவெலும் ஜான் லப்பக்கும் ஆராய்ந்தனர். கட்டுரையின் சாரத்தையும் சிறப்பையும் எடுத்துரைப்பதே அறிக்கையின் வேலை என்பது ஹியூவெலின் கருத்து. கணித வழிமுறையில் உள்ள குறைகளைச் சுட்டி, ஆசிரியரைத் திருத்தச் சொல்ல வேண்டும் என்றார் லப்பக். 1832இல் இருவர் பெயரிலும் வெளிவந்த அறிக்கை ஹியூவெலின் போக்கிலேயே அமைந்தது. ஆயினும், பின்னாளில் நிலைபெற்றது லப்பக்கின் வழிதான். அதுவே சரியான வழியும் ஆகும்.

பயன்

ஈர்ப்பு அலைகள் இல்லை என்று வாதிடும் கட்டுரையொன்றை 1936இல் ஐன்ஸ்டைனும் நேதன் ரோசனும் ‘பிசிக்கல் ரெவ்யூ’ இதழுக்கு அனுப்பினர். பதிப்பாசிரியர் ஜான் டேட் அதை மதிப்பாய்வுக்கு விட்டார். பிழையைச் சுட்டிப் பத்துப் பக்க அறிக்கை வந்தது. அச்சாகும் முன் பிறரிடம் காட்டத் தாம் அனுமதிக்கவில்லை என்று சினந்த ஐன்ஸ்டைன் கட்டுரையைத் திரும்பப் பெற்றார். ஆனால் 1937இல் வேறோர் இதழில் அது வெளிவந்தபோது முடிவு மாறியிருந்தது. அறிக்கை எழுதியவர் ஹோவர்ட் ராபர்ட்சன் என்பது பிற்காலத்தில் உறுதியானது. 2015இல் ஈர்ப்பு அலைகள் நேரடியாகக் கண்டறியப்பட்டன.

வகைகள்

மதிப்பாய்வாளரின் பெயரை மட்டும் மறைப்பது ஒருபக்க மறைப்பு. கட்டுரையாளர் பெயரையும் சேர்த்து மறைப்பது இருபக்க மறைப்பு. பெயர்களையோ அறிக்கைகளையோ வெளிப்படுத்துவது திறந்த முறை.

இன்றைய நிலை

1991இல் தொடங்கிய ஆர்க்சைவ் போன்ற முன்பதிப்புத் தளங்களில் மதிப்பாய்வுக்கு முன்பே கட்டுரைகள் வெளியாகின்றன. மதிப்பாய்வைத் தாண்டியும் தவறான கட்டுரைகள் அச்சேறுவதுண்டு: தடுப்பூசியை ஆட்டிசத்துடன் தொடர்புபடுத்தி 1998இல் ‘லான்செட்’ வெளியிட்ட கட்டுரை 2010இல்தான் திரும்பப் பெறப்பட்டது. தரவுகளில் செய்யும் மோசடி மதிப்பாய்வாளர் கண்ணுக்கு எளிதில் புலப்படுவதில்லை. எனினும், நேர்மையாக எழுதுபவரின் பிழையை அச்சுக்கு முன்பே திருத்துவதில் இதற்கு ஈடான ஏற்பாடு இன்றுவரை இல்லை.