சிறைகள் மீதான நாடாளுமன்றக் கண்காணிப்பு

கைது செய்யவும் காவலில் வைக்கவும் தண்டிக்கவும் அரசுக்கு இருக்கும் அதிகாரம் எப்படிப் பயன்படுகிறது என்று மக்கள் பிரதிநிதிகள் கேட்டறியும் ஏற்பாடே சிறை, குற்றவியல் நீதித் துறைகள் மீதான நாடாளுமன்றக் கண்காணிப்பு. கேள்வி நேரம், மசோதா விவாதம், நிலைக்குழு ஆய்வு, மானியக் கோரிக்கை, தணிக்கை அறிக்கை ஆகியவை இதன் கருவிகள். இந்தியாவில் இந்த வேலை இரண்டாகப் பிரிந்திருக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 7ஆம் அட்டவணைப்படி சிறை மாநிலப் பட்டியலில் வருகிறது. குற்றவியல் சட்டமும் அதன் நடைமுறையும் பொதுப் பட்டியலில் வருகின்றன. தமிழகத்தில் கைதாகும் ஒருவருக்குச் சட்டம் டெல்லியிலிருந்தும் சிறை சென்னையிலிருந்தும் வருகிறது.

திருப்பூர் அவினாசி சாலையில் உள்ள அனுப்பர்பாளையத்தில் இந்தப் பிரிவினையின் விளைவு தெளிவாகத் தெரியும். பித்தளை, செம்பு, எவர்சில்வர் பாத்திரப் பட்டறைகளுக்குப் பேர்போன ஊர் இது. சுற்றிலும் பனியன் கம்பெனிகள். பவர் டேபிள், கைமடி, செக்கிங் வேலைகளில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் தொழிலாளர்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். ஊருக்குத் தனிக் காவல் நிலையம் உண்டு. சட்டமன்றத்துக்குத் திருப்பூர் வடக்கு, மக்களவைக்குத் திருப்பூர் தொகுதி. இப்பகுதியில் ரிமாண்ட் ஆகிறவர்களுக்கான பெரிய சிறை கோவை மத்தியச் சிறை. 1872இல் கட்டப்பட்ட அந்தச் சிறையில்தான் வ.உ.சிதம்பரனார் செக்கிழுத்தார்.

நிலைக்குழுக்கள்

துறைசார் நாடாளுமன்ற நிலைக்குழுக்கள் 1993இல் அமைந்தன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். அமைச்சர்கள் உறுப்பினராக முடியாது. கூட்டம் மூடிய அறையில் நடக்கும். கட்சிக் கொறடாவின் கண் படாததால் உறுப்பினர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்தா. எடுத்த நடவடிக்கை என்ன என்று அரசு பதில் தரவேண்டும், அவ்வளவுதான்.

உள்துறை நிலைக்குழு 2023 செப்டம்பரில் தந்த 245ஆவது அறிக்கை சிறைகளின் நிலை, கட்டமைப்பு, சீர்திருத்தம் பற்றியது. குழுவின் அப்போதைய தலைவர் பிரிஜ் லால் உத்தரப் பிரதேசக் காவல்துறையின் முன்னாள் தலைமை இயக்குநர். ஆளைச் சிறைக்கு அனுப்பும் துறையில் காலம் கழித்தவர் சிறையைப் பற்றி என்ன எழுதுவார் என்று ஐயப்பட்டவர்களுக்கு அறிக்கை ஓரளவு வியப்பளித்திருக்கும். நெரிசல், விசாரணைக் கைதிகள், பெண் கைதிகளுடன் வளரும் குழந்தைகள், ஜாமீன் தொகை கட்ட முடியாத ஏழைகள் என எல்லாவற்றையும் அது தொட்டது. பின்னணி எளிது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் 2022 முடிவில் நாட்டின் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அதில் விசாரணைக் கைதிகள் 4,34,302 பேர். எல்லாச் சிறைகளின் மொத்தக் கொள்ளளவோ 4,36,266. தண்டனை பெற்ற அனைவரையும் வெளியே விட்டாலும், தீர்ப்பு வராதவர்களே சிறைகளை ஏறக்குறைய நிரப்பிவிடுவார்கள்.

மூன்று சட்டங்கள்

இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குப் பதிலான மூன்று மசோதாக்கள் 2023 ஆகஸ்ட் 11இல் மக்களவைக்கு வந்தன. அதே நிலைக்குழு ஆராய்ந்து நவம்பரில் அறிக்கை தந்தது. குழு உறுப்பினர்கள் ப.சிதம்பரம், தயாநிதி மாறன், என்.ஆர்.இளங்கோ உள்ளிட்டோர் மாற்றுக் கருத்து பதிவு செய்தனர். ஆய்வுக்குப் பலனே இல்லை என்று சொல்ல முடியாது. சமூக சேவையைத் தண்டனையாக்கிய மசோதா, அது என்னவென்று சொல்லவில்லை. குழு சுட்டிக்காட்டிய பின் விளக்கம் சேர்ந்தது. கைவிலங்கு போடத்தக்க குற்றங்களில் பொருளாதாரக் குற்றங்கள் இருந்தன, அவை நீக்கப்பட்டன. ஆனால் போலீஸ் காவலை எந்தக் கட்டத்தில் எப்படிக் கேட்கலாம் என்ற முக்கியமான குழப்பம் தீரவில்லை.

திருத்திய மசோதாக்கள் டிசம்பர் 12இல் வந்தன. மறுநாள் நாடாளுமன்றத்தில் பாதுகாப்பு மீறல் நடந்தது. உள்துறை அமைச்சர் விளக்கம் தரவேண்டும் என்று முழக்கமிட்டதற்காக எதிர்க்கட்சி உறுப்பினர்கள் அணி அணியாக இடைநீக்கம் செய்யப்பட்டனர்; இரு அவைகளிலும் மொத்தம் 146 பேர். டிசம்பர் 14 பட்டியலிலேயே திருப்பூர் உறுப்பினர் கே.சுப்பராயனும் கோவை உறுப்பினர் பி.ஆர்.நடராஜனும் இருந்தார்கள். மக்களவை 20ஆம் தேதியும் மாநிலங்களவை 21ஆம் தேதியும் மசோதாக்களை நிறைவேற்றின. அனுப்பர்பாளையத்தில் கைதாகிறவருக்கான சட்டம் வாக்கெடுப்புக்கு வந்த நாளில் அவர் தொகுதியின் உறுப்பினர் அவைக்குள் இல்லை. அவர் அடைபடக்கூடிய சிறை இருக்கும் தொகுதியின் உறுப்பினரும் இல்லை. நிலைக்குழுவில் எவ்வளவு உழைத்தாலும் அவையில் கேட்கப்படாத கேள்விக்கு அது ஈடாகாது.

சட்டங்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. மாநில அளவில் செய்யக்கூடிய திருத்தங்களைப் பரிந்துரைக்கத் தமிழக அரசு அதே மாதம் ஓய்வுபெற்ற நீதிபதி எம்.சத்யநாராயணன் தலைமையில் ஒருநபர் குழுவை அமைத்தது.

மாநிலத்தின் பங்கு

தமிழகச் சட்டமன்றத்தில் சிறைத்துறைக்கெனக் கொள்கை விளக்கக் குறிப்பு ஆண்டுதோறும் வைக்கப்படுகிறது. மானியக் கோரிக்கையின்போது விவாதம் நடக்கிறது. பொதுக் கணக்குக் குழு செலவைப் பார்க்கிறது. துறைசார் நிலைக்குழு மட்டும் இல்லை. கேரளத்திலோ 1980 முதலே துறைவாரிப் பொருட்குழுக்கள் செயல்படுகின்றன. சிறையை நடத்தும் மாநிலத்தில் சிறையை ஆராயும் குழு இல்லை, அதை ஆராயும் குழு இருக்கும் டெல்லிக்குச் சிறை மீது அதிகாரம் இல்லை. நீதிபதி ஏ.என்.முல்லா தலைமையிலான குழு 1983இலேயே சிறைகளைப் பொதுப் பட்டியலில் சேர்க்கச் சொன்னது. உருதுக் கவிஞரான முல்லா 1967இல் லக்னோவிலிருந்து சுயேச்சையாக மக்களவைக்குத் தேர்வானவரும்கூட. அந்தப் பரிந்துரை இன்றுவரை பரிந்துரைதான்.

தமிழகத்தில் மக்கள் பிரதிநிதிகள் சிறையை உள்ளிருந்து பார்த்த காலமும் உண்டு. நெருக்கடி நிலையின்போது மிசா சட்டத்தில் சென்னை மத்தியச் சிறையில் அடைக்கப்பட்ட தி.மு.க. மக்களவை உறுப்பினர் சிட்டிபாபு, 1976 பிப்ரவரியில் அங்கு நடந்த தாக்குதலில் காயமடைந்து 1977 ஜனவரியில் இறந்தார். நீதிபதி எம்.எம்.இஸ்மாயில் ஆணையம் அதை விசாரித்தது. சிறையை வெளியிலிருந்து பார்ப்பதற்குப் பிரிட்டனில் தனித் தலைமை ஆய்வாளர் உண்டு. அவர் அறிக்கைகள் நாடாளுமன்றக் குழுவுக்கு ஆதாரமாகின்றன. இந்தியாவில் பெரும்பாலும் நீதிமன்றம் அந்த இடத்தை நிரப்புகிறது. சிறைகளில் சாதிவாரியாக வேலை ஒதுக்குவதையும் பிரித்து வைப்பதையும் 2024 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றபோது, பாளையங்கோட்டைச் சிறையும் அந்த வழக்கில் பேசப்பட்டது.

ஜாமீனும் ஜாமீன்தாரரும்

அனுப்பர்பாளையத்துக்கு ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளிக்கு ஜாமீன் உத்தரவு கிடைத்தாலும் இரண்டு உள்ளூர் ஜாமீன்தாரர் கிடைப்பது பெரும்பாடு. காண்ட்ராக்டர் கையெழுத்துப் போடத் தயங்குவார். அறைத் தோழர்களிடம் சொத்துச் சான்று இருக்காது. இது புதிய சிக்கலல்ல. வெளிமாவட்ட ஜாமீன்தாரரைக் கீழ்நீதிமன்றம் மறுத்த மோதிராம் வழக்கில் 1978இலேயே உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. தீர்ப்பெழுதிய வி.ஆர்.கிருஷ்ணய்யர், 1957 கேரள அமைச்சரவையில் சிறைத்துறையைக் கவனித்தவர். ஜாமீன் கிடைத்து 7 நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31இல் அதே நீதிமன்றம் உத்தரவிட்டது.

புதிய நடைமுறைச் சட்டத்தின் 479ஆம் பிரிவு, இதற்கு முன் எந்தக் குற்றத்துக்கும் தண்டனை பெறாத விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலம் உள்ளே இருந்துவிட்டால் பிணைப்பத்திரத்தில் விடுவிக்கச் சொல்கிறது. மரண, ஆயுள் தண்டனைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் இந்தச் சலுகை கிடையாது. ஏழைக் கைதிகளுக்கென மத்திய அரசு 2023இல் கொண்டுவந்த உதவித் திட்டத்தில் விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாத தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் தரலாம் என்று தொடக்கத்தில் வரையறுக்கப்பட்டிருந்தது. யாருக்குத் தருவது என்பதை மாவட்டக் குழு முடிவு செய்கிறது. அதில் ஆட்சியர், சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலர், காவல் கண்காணிப்பாளர், சிறைக் கண்காணிப்பாளர், சிறைக்குப் பொறுப்பான நீதிபதி ஆகியோர் இருக்கிறார்கள். நாடாளுமன்ற உறுப்பினருக்கோ சட்டமன்ற உறுப்பினருக்கோ அதில் இடமில்லை.