சாத்தான் எழுதாத சாசனம்

2010 சனவரி 12. நிலநடுக்கத்தால் ஹைட்டி நாட்டின் தலைநகர் இடிந்து விழுந்தது. மறுநாளே, பிணங்களை எடுத்துப் புதைக்கு முன்னரே, அமெரிக்க மதப்பிரசாரகர் பாட் ராபர்ட்சன் தொலைக்காட்சியில் தோன்றிக் காரணம் கூறினார். விடுதலை வேண்டி அம்மக்களின் முன்னோர் சாத்தானோடு ஒப்பந்தம் செய்துகொண்டனராம்! ஏழையின் துயருக்கு இங்கே கர்மவினை என்பார்கள். அங்கே சாத்தான் என்கிறார்கள். சரக்கு ஒன்றே, முத்திரைதான் வேறு!

ஒப்பந்தம் ஒன்று உண்டு, நாம் மறுக்கவில்லை. அதை எழுதியவன் சாத்தானல்லன். பிரெஞ்சு மன்னன் பத்தாம் சார்லஸ்!

பிரான்சின் அடிமைப் பண்ணையாக ஹைட்டி கிடந்த நாளில், ஐரோப்பா சுவைத்த சர்க்கரையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அங்கேதான் விளைந்தது. விளைவித்தோர், ஆப்பிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்ட மக்களும் அவர்தம் வழித்தோன்றல்களும். ஏறக்குறைய ஐந்து இலட்சம் பேர். 1791-ல் அவர்கள் வெகுண்டெழுந்தனர். தலைவர் தூசான் லூவெர்த்தூர் 1803-ல் பிரெஞ்சுச் சிறையிலே மாண்டார்; கிளர்ச்சி மாளவில்லை. நெப்போலியனின் படை தோற்றது. 1804 சனவரி முதல் நாள் விடுதலை முழங்கிற்று.

பீரங்கியால் பறிக்க முடியாததைப் பேரேட்டால் பறிக்கத் துணிந்தது பிரான்சு. 1825-ல் 14 போர்க்கப்பல்கள் ஹைட்டிக் கரையோரம் வந்து நின்றன. 15 கோடி பிராங்கு கொடு, உன் விடுதலையை ஒப்புக்கொள்கிறோம் என்றது அரசாணை. யாருக்கு ஈடு? நிலத்தையும் அடிமைகளையும் இழந்த பண்ணை முதலாளிகளுக்கு! சவுக்கடி பட்டவன், தன் உடலுக்குரிய விலையைச் சவுக்கு பிடித்தவனுக்கே செலுத்த வேண்டும். இது எந்நாட்டு நீதி?

முதல் தவணை 3 கோடி. கருவூலத்தில் அவ்வளவு பணம் ஏது? பாரிசு வங்கியாளரிடமே கடன் வாங்கினர். பத்திரத்தில் எழுதியது 3 கோடி. கழிவு போகக் கைக்கு வந்தது 2 கோடியே 40 இலட்சம். முன்வட்டி பிடிக்கும் நம்மூர் கந்துவட்டிக்காரன் தோற்றான், போங்கள்! 1838-ல் ஈட்டுத்தொகை மொத்தம் 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. சுமை குறைந்ததா? பழைய கடனைத் தீர்க்கப் புதுக்கடன். அதைத் தீர்க்க ஏற்றுமதியாகும் காப்பிக்கு வரி. பள்ளிக்கூடமாக, பாலமாக ஆகியிருக்க வேண்டிய குடியானவனின் உழைப்பு பாரிசுக்குக் கப்பலேறியது. 1914 டிசம்பரில் அமெரிக்கக் கடற்படையினர் ஹைட்டி வங்கியின் 5 இலட்சம் டாலர் பொன்னை நியூயார்க்குக்கு எடுத்துச் சென்றனர். மறு ஆண்டு நாட்டையே பிடித்து, 1934 வரை ஆண்டனர். ஈட்டுத்தொகையால் மூண்ட கடனின் கடைசி மிச்சம் தீர்ந்தது 1947-ல்.

உள்நாட்டு ஆட்சியாளர் உத்தமர்களா? அல்லர். டுவாலியே தந்தையும் மகனும் 1957 முதல் 1986 வரை நாட்டைச் சூறையாடினர். அதை மறைப்பானேன்? ஆனால் அவர்கள் கைவைத்தது, முன்பே சுரண்டப்பட்ட கருவூலத்தில்.

2003-ல் அதிபர் அரிஸ்டீடு, பறித்ததைத் திருப்பிக் கொடு என்றார். கேட்ட தொகை 2,100 கோடி டாலருக்கு மேல். மறு ஆண்டே பதவியிழந்து நாடு கடந்தார். அரசாணையின் இருநூறாம் ஆண்டான 2025 ஏப்ரலில், இரு நாட்டு வரலாற்றறிஞர் குழு ஒன்று ஆராயும் என்று அறிவித்தார் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மாக்ரோன். பணத்தைத் திருப்பித் தருவோம் என்ற உறுதி அதில் இல்லை.