புதிய உடல், பழைய எஞ்சின்: ஸ்டாண்டர்ட் 2000 காரை முன்வைத்து

பழைய காரொன்றைப் புதுப்பிக்க முனைபவர் முன் முதலில் எழும் கேள்வி, அதன் எஞ்சினைப் பிரித்துச் சீரமைப்பதா, அல்லது அதை அகற்றிவிட்டு வேறொன்றைப் பொருத்துவதா என்பதாகும். செலவையும் வசதியையும் சார்ந்த தனிமனித முடிவாகவே இது பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆனால் சென்னையை அடுத்த பெருங்களத்தூர்ப் பகுதியில் இயங்கிய ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தின் கடைசிக் காரான ஸ்டாண்டர்ட் 2000-ஐப் பொறுத்தவரை, இக்கேள்வி ஒரு வரலாற்றுச் சான்றின் இருப்போடும் அழிவோடும் தொடர்புடையது. ஏனெனில் இதே கேள்வியை 1980களில் அந்நிறுவனமும் எதிர்கொண்டது. அது தேர்ந்த விடை, அக்காரின் தலையெழுத்தை மட்டுமன்றி ஆலையின் தலையெழுத்தையும் பெருமளவு தீர்மானித்தது.

1948-இல் தொடங்கப்பட்ட அந்நிறுவனம், பிரிட்டனின் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் வடிவமைப்புகளை இந்தியாவில் உருவாக்கிவந்தது. வான்கார்டு, ஸ்டாண்டர்ட் 8, ஸ்டாண்டர்ட் 10 ஆகியவற்றைத் தொடர்ந்து 1961-இல் ஹெரால்டு வந்தது. அதன் 948 சிசி எஞ்சின், 1972-இல் கெசல் என்ற புதிய பெயரில் கார் வந்தபோதும் மாறவில்லை. 1977-இல் கெசல் நின்றபின் ஏறத்தாழ எட்டாண்டுகள் அவ்வாலையிலிருந்து பயணியர் கார் எதுவும் வெளிவரவில்லை; வணிக வேன்களே வந்தன. ஆகவே, புதிய தோற்றத்திற்குள் பழைய எஞ்சினை வைக்கும் வழக்கம் ஸ்டாண்டர்ட் 2000-உடன் தொடங்கியதன்று.

1985-இல் வெளிவந்த ஸ்டாண்டர்ட் 2000-இன் உடல், பிரிட்டனின் ரோவர் எஸ்டி1 காருடையது. டேவிட் பாஷ் வடிவமைத்த அக்கார் 1976-இல் அறிமுகமாகி, 1977-க்கான ஐரோப்பிய ஆண்டுக் கார் விருதைப் பெற்றது. அதன் முதல் வடிவில் இருந்தது 3,528 சிசி கொள்ளளவுள்ள அலுமினிய வி8 எஞ்சின். அந்த எஞ்சினின் பூர்வீகம் அமெரிக்கா. ப்யூயிக் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிக் கைவிட்டதை ரோவர் உரிமம் பெற்றுத் தனதாக்கிக்கொண்டது. 155 குதிரைத்திறன் கொண்ட அக்கார் பிரிட்டனின் காவல்துறைக்கும் உகந்த வாகனமாயிற்று. நடுத்தர அளவுள்ள உடலில் பெரிய வி8 எஞ்சினைப் பொருத்துவதே அமெரிக்கர் 'மசில் கார்' என்றழைப்பதன் இலக்கணம் என்றால், எஸ்டி1 அதன் பிரிட்டிஷ் உறவினர் எனலாம்.

சென்னையில் அந்த இலக்கணம் தலைகீழாயிற்று. அதே உடலுக்குள் வான்கார்டு வழிவந்த 1,991 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சின் பொருத்தப்பட்டது. திறன் 83 குதிரைத்திறன் மட்டுமே. சிறிய எஞ்சின் என்பதே பிழையென்று கூறிவிட இயலாது. பிரிட்டனிலும் 1982 முதல் 1,994 சிசி எஞ்சினுடன் எஸ்டி1 விற்கப்பட்டது. அதன் திறன் ஏறத்தாழ நூறு குதிரைத்திறன். வேறுபாடு கொள்ளளவில் இல்லை. இரண்டு எஞ்சின்களையும் பிரித்த தலைமுறை இடைவெளியில் இருந்தது. ஒன்று 1970களின் இறுதியில் உருவானது. மற்றொன்றின் மூலவடிவம் இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு பிறந்தது.

எனினும் அந்தப் பழைய எஞ்சினுக்கெனச் சில அருங்குணங்கள் இருந்தன. பெர்குசன் டிராக்டரிலும், டிரையம்ப் டிஆர்2 விளையாட்டுக் காரிலும் இயங்கியது அக்குடும்பத்து எஞ்சினே. அதன் சிலிண்டர் உறைகள், அதாவது லைனர்கள், தனியே கழற்றத்தக்கவை. குளிர்நீர் அவற்றை நேரடியாகத் தொட்டுச் செல்லும். தேய்மானம் ஏற்பட்டால் பிளாக்கைக் கடைந்து ரீபோர் செய்ய வேண்டியதில்லை. உறையையும் பிஸ்டனையும் மாற்றினால் போதும். பழுதுபார்க்கப்படுவதற்காகவே படைக்கப்பட்ட எஞ்சின் என்று அதனைச் சொல்வது மிகையன்று. அந்நியச் செலாவணி அரிதாக இருந்த, இறக்குமதிக்கு உரிமம் வேண்டியிருந்த நாட்டில், புதிய எஞ்சினுக்கான வார்ப்பு, கடைசல் வரிசைகளை நிறுவுவது பெருஞ்செலவு. கைக்குப் பழகிய எஞ்சின், உள்நாட்டிலேயே கிடைக்கும் உதிரிகள், அதனை அறிந்த தொழிலாளர்கள் ஆகிய மூன்றையும் நோக்கினால், அம்முடிவு வெறும் அறியாமையின் விளைவன்று என்பது விளங்கும்.

ஆயினும் சந்தை அந்தக் கணக்கை ஏற்கவில்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, எடை குறைந்த ஜப்பானிய எஞ்சினின் சுவையை இந்திய வாங்குநருக்குக் காட்டிவிட்டிருந்தது. விலை பல மடங்கு மிகுந்த ஸ்டாண்டர்ட் 2000-இடம் அதைவிட மேலானதையே அவர்கள் எதிர்பார்த்தனர். அக்காலத்துச் சொகுசுக் கார்கள் மூன்றை ஒப்பிட்டால் இது தெளிவாகும். பிரீமியர் 118என்இ, ஃபியட் 124-இன் உடலில் நிசானின் 1,171 சிசி எஞ்சினைத் தாங்கி வந்தது. வாக்சால் விக்டரின் உடலைக் கொண்ட இந்துஸ்தான் கான்டெசா, தொடக்கத்தில் அம்பாசிடரின் 1,489 சிசி எஞ்சினோடு வந்து வேகமின்றித் திணறியது. பின்னர் இசுசுவின் 1,817 சிசி எஞ்சின் பொருத்தப்பட்டபின் மறுவாழ்வு பெற்று 2002 வரை நீடித்தது. 'இந்திய மசில் கார்' என்று இன்று அன்பர்கள் கொண்டாடுவது அந்தக் கான்டெசாவையே. எஞ்சினை மாற்றாத ஸ்டாண்டர்ட் 2000 மட்டும் 1988-இல் முடிந்தது. அதனோடு ஆலையும் மூடப்பட்டது.

அதன்பின் நிகழ்ந்தது குறிப்பிடத்தக்கது. ஆலையில் எஞ்சியிருந்த எஸ்டி1 உதிரிகளைப் பிரிட்டனின் ரிம்மர் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கிச் சென்றது. பிரிட்டனில் உற்பத்தி 1986-இலேயே நின்றுவிட்டிருந்ததால், அங்குள்ள வி8 கார்களின் உடலைப் பேணச் சென்னை உதிரிகள் உதவின. இன்று ஸ்டாண்டர்ட் 2000-இன் எஞ்சினைச் சீரமைக்க விரும்பும் ஒருவர், டிஆர் கார்களுக்கும் பெர்குசன் டிராக்டருக்கும் உதிரி விற்கும் பிரிட்டிஷ் வணிகரை நாட வேண்டியிருக்கும். உடலின் உதிரிகள் மேற்கே சென்றன; எஞ்சினின் உதிரிகளுக்காகக் கிழக்கு மேற்கை நோக்குகிறது.

இந்நிலையில் உரிமையாளர் முன் மூன்று வழிகள் உள்ளன. அசல் எஞ்சினைப் பிரித்து, கிராங்க் தண்டைக் கடைந்து, உறைகளையும் பிஸ்டன்களையும் மாற்றிச் சீரமைக்கலாம். ரோவர் வி8-ஐத் தேடிப் பொருத்தலாம். கிடைக்கும் ஜப்பானிய எஞ்சினொன்றை ஏற்றலாம். ஓட்டும் இன்பம் மட்டுமே அளவுகோலாயின் இரண்டாம் வழியே கவர்ச்சியானது. அந்த உடலின் இடம் வி8-க்காகவே வகுக்கப்பட்டது என்ற வாதமும் வலுவுடையது. மூலவடிவமைப்பாளரின் எண்ணத்திற்குத் திரும்புதலே உண்மையான மீட்பு என்று இத்தரப்பினர் கருதுவர்.

ஆனால் அவ்வாறு மீட்கப்படுவது பிரிட்டனின் ரோவரே தவிர, சென்னையின் ஸ்டாண்டர்ட் அன்று. உடல் வடிவில் ஸ்டாண்டர்ட் 2000-க்கென்று தனித்த அடையாளம் மிகக் குறைவு. இந்தியப் பொருளாதாரக் கட்டுப்பாடுகளும், ஆலையின் தொழிலறிவும், நிர்வாகத்தின் தயக்கமும் ஒருங்கே பதிந்திருப்பது அந்த வலுக்குறைந்த எஞ்சினில்தான். அதனை அகற்றினால் கார் சிறப்பாக ஓடலாம். அது ஏன் தோற்றது என்பதைக் காட்டும் சான்று மறைந்துவிடும்.

சட்டமும் இவ்விடத்தில் குறுக்கிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது. 2021-இல் வந்த பழம்பெரும் வாகனங்களுக்கான விதிகள், முதற்பதிவிலிருந்து 50 ஆண்டுகள் கடந்தும் உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றமின்றி அசல் வடிவில் பேணப்படும் வாகனங்களையே அவ்வகையில் ஏற்கின்றன. 1985-இல் பதிவான ஸ்டாண்டர்ட் 2000 அத்தகுதியை 2035-இல் எட்டும். இன்று எஞ்சினை மாற்றுபவர், நாளைய அத்தகுதியை இழக்க நேரிடும்.

ஆகவே, பிளாக் வெடித்துச் சீரமைக்க இயலாத நிலையில் அன்றி, அசல் எஞ்சினைக் காப்பதே முறையாகும். மாற்றியே ஆகவேண்டுமெனில், கழற்றிய எஞ்சினைப் பழைய இரும்புக்கடைக்கு அனுப்பாமல், அதன் எண்ணோடும் நிழற்படங்களோடும் காருடன் சேர்த்து வைத்தல் வேண்டும். அதனை வார்த்துக் கடைந்து பூட்டிய தொழிலாளர்கள் இன்று முதுமையில் உள்ளனர். அவர்களது வாய்மொழிப் பதிவுகளைத் திரட்டுவது பொருளியல், தொழில்நுட்ப வரலாற்று மாணவர்களுக்கு உடனடிப் பணியாகும். ஆலை நின்ற நிலத்தில் இன்று வேறு கட்டடங்கள் எழுந்துவிட்டன. அவர்கள் உழைப்பின் எச்சமாக ஓடிக்கொண்டிருப்பவை, ஆங்காங்கே எஞ்சிய சில கார்களே.