ஜம்பு காகாவுக்குக் கிடைக்காத காலை

பிரபாத் பிலிம் கம்பெனி 1933இல் கோலாப்பூரிலிருந்து புணேக்குக் குடிபெயர்ந்தது. மறு ஆண்டே இயக்குநர் சாந்தாராமின் ‘அம்ருத் மந்தன்’ வெளிவந்து நாடெங்கும் பேசப்பட்டது. அதே 1934இல் அந்த நிறுவனம் இன்னொன்றையும் செய்தது. ‘ஜம்பு காகா’ என்று ஒரு கார்ட்டூன் குறும்படம்; அதன் நாயகன் ஒரு நரி. கல்கத்தாவில் நியூ தியேட்டர்ஸ் ‘பீ பிரதர்ஸ்’ என்ற கார்ட்டூனை வெளியிட்டதும் அதே ஆண்டில்தான். வால்ட் டிஸ்னியின் முதல் முழுநீளக் கார்ட்டூன் படம் திரைக்கு வர இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.

இந்தியத் தொலைக்காட்சிக்கென்று சொந்தக் கார்ட்டூன் தொடர் வந்ததோ 1986இல். சுத்தசத்வ பாசு இயக்கிய ‘காயப் ஆயா’ தூர்தர்ஷனில் ஒளிபரப்பானது. முதல் இந்திய அனிமேஷன் தொடர் என்று பொதுவாக அதையே குறிப்பிடுகிறார்கள். இடையில் 52 ஆண்டுகள். இவ்வளவு தாமதம் ஏன் என்று கேட்டால், ஆளும் இல்லை, பணமும் இல்லை என்பதே வழக்கமான பதில். அதில் முதல் பாதி தவறு, இரண்டாம் பாதி அரைகுறை. வாரந்தோறும் தவறாமல் வரும் ஒரு நேரமும் அந்த நேரத்துக்குக் காசு கொடுக்க ஒரு வியாபாரியும் இல்லாமல், எத்தனை ஓவியர்கள் இருந்தாலும் கார்ட்டூன் தொடர் பிறக்காது.

ஆள் இருந்ததற்குச் சான்று ஏராளம். டிஸ்னியிடம் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் 1956இல் பம்பாய்க்கு வந்து அரசின் பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தார். ‘பன்யன் டீர்’ என்ற ஜாதகக் கதைப் படம் அப்போது உருவானது. அங்கே தொழில் கற்ற ராம் மோகன், பிற்பாடு யூனிசெஃப்பின் ‘மீனா’ வரைக்கும் இந்திய அனிமேஷனைக் கைப்பிடித்து அழைத்து வந்தவர். விஜயா மூலேயின் ‘ஏக் அனேக் அவுர் ஏக்தா’ 1974இல் வந்தது. ஒவ்வொன்றும் தனிப்படம். அரசு ஒரு கருத்தைச் சொல்லச் சொன்னது, கலைஞர்கள் வரைந்து கொடுத்தார்கள், அத்தோடு முடிந்தது. அடுத்த வாரம் என்ன என்று கேட்பார் இல்லை.

பணக் கணக்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு விநாடிக்கு 24 சட்டகங்கள். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்திவைத்தாலும் விநாடிக்கு 12 ஓவியம் வேண்டும். 22 நிமிட அத்தியாயம் ஒன்றுக்கு 15,840 ஓவியங்கள். 13 அத்தியாயங்களுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல். இதை முழுதாக வரைந்து கட்டுபடியாக்க அமெரிக்காவாலும் முடியவில்லை. ஹன்னாவும் பார்பராவும் ‘டாம் அண்ட் ஜெர்ரி’ செய்துகொண்டிருந்த எம்ஜிஎம் கார்ட்டூன் பிரிவு 1957இல் மூடப்பட்டதும் இருவரும் தொலைக்காட்சிக்கு வந்து சிக்கனத்தையே ஒரு பாணியாக்கினார்கள். உடல் அசையாது, வாய் மட்டும் அசையும். ஓடும்போது பின்னால் அதே மரமும் அதே வீடும் திரும்பத் திரும்ப வரும். அவர்களுடைய யோகி கரடியின் கழுத்துப்பட்டை அலங்காரத்துக்கு மாட்டியதல்ல. தலையைத் தனியாக, உடலைத் தனியாக வரைந்து கொள்வதற்கான ஒட்டு அது. கலை விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். கணக்கப்பிள்ளைகள் மகிழ்ந்தார்கள்.

அந்தச் சிக்கனத்துக்குச் சந்தை கொடுத்தது சனிக்கிழமை காலை. பள்ளி விடுமுறை, பெற்றோர் தூக்கம், பெரியவர்களுக்கான விளம்பரம் விலைபோகாத நேரம். பொம்மையும் இனிப்புத் தானிய உணவும் விற்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘ரஃப் அண்ட் ரெட்டி’ 1957 டிசம்பரில் என்பிசியின் சனிக்கிழமையில் தொடங்கியது. 1960களின் பிற்பாதியில் மூன்று பெரிய தொலைக்காட்சி வலையமைப்புகளும் சனிக்கிழமைக் காலையைக் கார்ட்டூனால் நிரப்பிவிட்டன. ‘ஸ்கூபி-டூ’வின் முதல் அத்தியாயம் 1969 செப்டம்பர் 13, அதுவும் சனிக்கிழமை.

புணேயில் சனிக்கிழமை அப்படிப்பட்ட நாளாக இருந்ததில்லை. மத்திய அரசு அலுவலகங்கள் வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஆனதே 1985இல்தான். பல பள்ளிகளுக்குச் சனிக்கிழமை அரைநாள். தொலைக்காட்சியிலோ தேர்ந்தெடுக்க ஒன்றும் இல்லை. பம்பாய் நிலையம் 1972 அக்டோபர் 2இல் தொடங்கியது, 1973இல் புணே அதன் மறுஒளிபரப்பு நிலையமானது. ஊரை அடுத்து, மராட்டியத் தளபதி தானாஜி உயிர்விட்ட சிங்ககட் கோட்டை மேல் இன்று தூர்தர்ஷன் கோபுரம் நிற்கிறது. பழைய பிரபாத் வளாகத்தில் இயங்கிய திரைப்படக் கல்லூரிக்கு 1974இல் டெல்லியிலிருந்து தொலைக்காட்சிப் பயிற்சிப் பிரிவும் வந்து சேர்ந்தது. ஜம்பு காகாவைப் பெற்ற நிறுவனத்தின் மண்ணிலேயே நாட்டின் தொலைக்காட்சிக்காரர்கள் பயின்றார்கள். நரி வரைந்த இடம், ஒளிபரப்பு கற்பிக்கும் இடம், கோட்டை மேல் கோபுரம் எல்லாம் ஒரே ஊரைச் சுற்றி. கார்ட்டூன் தொடர் மட்டும் இல்லை.

இதே புணேயில்தான் கேலிச்சித்திரக் கலைஞர் ஆர்.கே. லட்சுமணன் தம் கடைசிக் காலத்தைக் கழித்து, 2015 ஜனவரி 26 அன்று மறைந்தார். இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற கோடு அவருடையது. தூர்தர்ஷன் அந்தக் கோட்டோவியத்தை என்ன செய்தது? ‘மால்குடி டேஸ்’ தொடரில் அசையாத சித்திரங்களாகக் காட்டியது; அவர் படைத்த மனிதரை ‘வாக்லே கி துனியா’வில் நடிகரைக் கொண்டு நடிக்கவைத்தது. அசையும் லட்சுமணன் தொடர் ஒன்றுக்கு வாரம் அரைமணி ஒதுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நேரம் பிறந்தது வேறு வழியில். 1987 ஜனவரி 25இல் ராமாயணம் தொடங்கியது. அடுத்த ஆண்டு மகாபாரதம். ஞாயிறு காலை, நாடே ஒருசேரத் தொலைக்காட்சி முன் உட்காரும் பொழுதாயிற்று. கார்ட்டூன் அந்தப் பந்தலின் நிழலில்தான் ஒண்டிக்கொண்டது. நிழல் கிடைத்ததும் உள்ளே வந்தது இந்திய நரி அல்ல, ஜப்பானில் வரையப்பட்ட இந்தியச் சிறுவன். நிப்பான் அனிமேஷனின் மௌக்லி தொடர், 52 அத்தியாயம், 1989 அக்டோபர் முதல் டிவி டோக்கியோவில் திங்கட்கிழமைகளில் வந்தது. 1993இல் தூர்தர்ஷன் அதை இந்தியில் ஞாயிறு காலைக்குக் கொண்டுவந்தது. குல்சார் பாட்டெழுதினார், விஷால் பரத்வாஜ் இசையமைத்தார், ஷேர்கானுக்குக் குரல் நானா படேகர். இந்தி தெரியாத தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அந்தப் பாட்டைப் பொருள் புரியாமலே பாடித் திரிந்தார்கள். சொந்த நாட்டில் போட்ட பணத்தை எடுத்துவிட்ட தொடரை வாங்கிக் குரல் மட்டும் மாற்றுவது, இரண்டு லட்சம் ஓவியம் வரைவதைவிட எவ்வளவோ மலிவு. நேரம் கிடைத்த பிறகும் உள்ளூர் ஓவியர்கள் வெளியே நின்றதற்கு இதுவே காரணம். பணம் இல்லை என்ற வாதம் இந்த அளவுக்குத்தான் செல்லும்.

பிறகு அந்த நேரமும் கரைந்தது. 1995இல் கார்ட்டூன் நெட்வொர்க் இந்தியாவுக்கு வந்தது. 2007 ஏப்ரலில் சன் குழுமத்தின் சுட்டி டிவி. ‘ஜாக்கி சான் அட்வென்சர்ஸ்’ அமெரிக்காவில் 2000 செப்டம்பர் 9, சனிக்கிழமை தொடங்கி 95 அத்தியாயம் ஓடிய அசல் சனிக்கிழமைக் கார்ட்டூன். சுட்டி டிவியில் அது தமிழ் பேசியபோது அதற்கென்று ஒரு கிழமை தேவைப்படவில்லை. ஒரு வாரம் காத்திருந்து பார்த்தது போய், தினமும் பார்த்துப் பார்த்து வசனம் மனப்பாடமானது. முப்பதை நெருங்கும் தமிழர்கள் ஜாக்கியையும் மாமாவையும் ஜேடையும் இன்றும் மீம்களில் இழுத்து வருகிறார்கள். அமெரிக்காவிலோ வலையமைப்புகளின் சனிக்கிழமைக் கார்ட்டூன் வரிசையில் எஞ்சியிருந்த கடைசியும் 2014 செப்டம்பரில் விடைபெற்றது.

இந்த வரலாற்றை எழுத ஆதாரம் எங்கே இருக்கிறது என்ற கேள்வியும் புணேக்கே திரும்புகிறது. 1964இல் அங்கே தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம், பி.கே. நாயரின் உழைப்பால் சினிமாவைக் காத்தது. அந்த ஊரே இழப்பையும் அறியும்: 2003 ஜனவரியில் நைட்ரேட் பெட்டகத்தில் பிடித்த தீயில் பிரபாத்தின் மூலப் பிரதிகள் பல அழிந்தன. தொலைக்காட்சி தீயில்லாமலே அழியக்கூடியது. ஒளிநாடாவின் விலைக்கு அஞ்சிப் பழைய பதிவின் மேலேயே புதியதைப் பதிவது பிபிசி உட்பட உலக நிலையங்கள் பலவற்றின் பழக்கமாக இருந்தது. குரல்மாற்றப் பிரதிகளின் நிலை இன்னும் மோசம். அசல் எங்கோ பத்திரமாக இருக்கிறதே என்று அவற்றை யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் மௌக்லியின் இந்தியும் ஜாக்கி சானின் தமிழும் இங்கே ஆக்கப்பட்டவை, இங்கேதான் அழியவும் செய்யும்.

புணேக் காப்பகமும் தூர்தர்ஷனும் தனியார் சேனல்களும் ஒன்றுகூடி, இந்திய மொழிக் குரல்மாற்றப் பிரதிகளையும் வசனத் தாள்களையும் இப்போதே சேகரிக்கத் தொடங்க வேண்டும். எழுதியவர்களும் குரல் கொடுத்தவர்களும் நம்மிடையே இருக்கும்போதே அவர்களை நேர்காண வேண்டும். ஆய்வு மாணவர் ஒருவர் தமிழில் இதைத் தொடங்க நினைத்தால், சுட்டி டிவியின் முதல் ஐந்து ஆண்டுகளை எடுத்துக்கொள்ளலாம்.